வானக் கிணற்றில் ஒரு முகூர்த்தம்

அந்த ஹோட்டலின் வாசல் தூணில் ஒரு சிறிய பித்தளைத் தகடு இருக்கிறது. கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று அதில் இல்லை. "பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சரியான ஆண்டு தெரியவில்லை" என்று மூன்று மொழிகளில் போட்டிருக்கிறார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு இங்கே காப்பிக்கடைக்குக்கூட ஓர் ஆண்டு முளைத்துவிட்டது. பலகையில் பெரிதாக எழுதி வைப்பார்கள். எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று பித்தளையில் வெட்டி மாட்டிய இடத்தை நான் அதுவரை கண்டதில்லை. பெட்டியைக் கீழே வைக்காமல் இரண்டாவது முறையும் படித்தேன்.

"டேய் தம்பி, படிச்சது போதும். உள்ள வா, சாவி வாங்கணும்" என்றாள் அக்கா.

அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், நான் என்று நான்கு பேர் அன்று மதியம் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்திருந்தோம். என் மனைவியும் மற்ற உறவினர்களும் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. மறுநாள் விசாக் தினம், புத்தர் பிறந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. நமக்கு அதுவே வைகாசி விசாகம். சீனர்களுக்கு நான்காம் மாதத்தின் பதினைந்தாம் நாள். மூன்று பஞ்சாங்கமும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அத்தானின் நட்சத்திரமும் விசாகம். அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம்.

ஆனால் எங்கள் வீட்டில் இது அறுபதாம் கல்யாணம் மட்டும் அல்ல. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

இங்கே நம்மவர்கள் கல்யாணத்தை இரண்டாகப் பிரித்துச் செய்வார்கள். முதலில் பதிவு இலாகாவில் கையெழுத்து. சில மாதம், சில சமயம் ஒரு வருடம் கழித்துக் கோயிலில் தாலி. வீட்டுக் கடனுக்கும் வேலை மாற்றலுக்கும் கையெழுத்து அவசரமாகத் தேவைப்படும். சொந்தபந்தம் கூடுவதற்கும் மண்டபம் கிடைப்பதற்கும் நாளாகும். இரண்டுக்கும் நடுவில் பெண் அவள் வீட்டிலேயே இருப்பாள். பெரியவர்கள் கணக்கில் தாலி ஏறினால்தான் கல்யாணம். அக்காவுக்கு முதல் பாதி நடந்தது. கோயிலுக்கு நாள் குறித்திருந்தபோது எங்கள் அப்பா இறந்துபோனார். ஒரு வருடம் தள்ளி வைத்தோம். வருடம் முடிவதற்குள் அத்தானின் அம்மா படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அக்கா ஒரு துணிப்பையோடு அந்த வீட்டுக்குப் போனாள். பிறகு மகள் பிறந்தாள். கைக்குழந்தையோடு மணவறையில் உட்கார அக்காவுக்குக் கூச்சம். கடைத்தெருவில் செய்து வைத்திருந்த தாலியை அத்தான் ஒருநாள் அவள் கையில் கொடுத்தார். அக்கா கண்ணாடி முன்னால் நின்று தானே மாட்டிக்கொண்டாள்.

இதை யாரும் குறையாகப் பேசியதில்லை, அக்காவும்கூட. ஆனால் போகிற கல்யாணங்களில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்துக்குச் சரியாக அவள் எழுந்து சமையல் பக்கம் போய்விடுவாள். "ரசம் சுட வச்சாச்சான்னு பாத்துட்டு வர்றேன்" என்பாள். இத்தனை வருடங்களில் அவள் அட்சதை போட்டு நான் பார்த்ததில்லை.

அறுபதாம் கல்யாணம் வருகிறது என்றதும் அவளாகத்தான் வாய் திறந்தாள். "இதையாச்சும் முறையா செய்வோம். அக்கினி வளத்து, நாலு பேரு பாக்க." அவ்வளவுதான் கேட்டாள். பாகான் டாலாமில் நாங்கள் போகிற கோயிலில் அப்போது திருப்பணி; சாமியைப் பாலாலயத்தில் வைத்திருந்தார்கள், கும்பாபிஷேகம் முடியும்வரை கல்யாணம் கிடையாது. மற்ற கோயில்களில் விசாகக் கூட்டம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள்தான் இந்த ஹோட்டலைத் தேடிப் பிடித்தாள். நடுவில் வானம் தெரிகிற ஒரு முற்றம், சுற்றிலும் பச்சைப் பீங்கான் தடுப்பு, செதுக்கிய மரக்கதவு. படத்தைப் பார்த்த அக்கா கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.

படத்தைவிட நேரில் நன்றாக இருந்தது. நான் மறுசீரமைத்த கட்டடங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறவன். பல இடங்களில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிடுவார்கள். பழைய முகத்துக்குள் புதுப் பல்செட் மாட்டிய மாதிரி இருக்கும். இங்கே அப்படிச் செய்யவில்லை. இரண்டு பழைய கடைவீடுகளை ஒன்றாக்கியிருந்தார்கள், ஆனால் நடுச்சுவரை எடுக்காமல், ஏற்கெனவே இருந்த ஒரு கதவு வழியாகவே இணைத்திருந்தார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பைப் படிப்படியாகச் சுரண்டி, கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். மேலே வெள்ளை, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் நீலம். அவுரி நீலம். எந்த நிறம் எந்தக் காலம் என்று அங்கேயும் எழுதி வைக்கவில்லை. முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்பதை மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் போதும்.

மாடியில் ஓர் அறைக்கதவின் நிலையில் பெயிண்டில் எழுதிய '7' என்ற எண் இருந்தது. இப்போதைய அறை எண் வேறு. விசாரித்தபோது வரவேற்பில் இருந்தவர் சொன்னார்: வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்த மாடியைப் பலகை வைத்துத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள், அந்தக் குடும்பங்களின் எண். 2000-ஆம் ஆண்டு சட்டம் போனதும் அவர்களும் போனார்கள். எண்ணை அழிக்காமல் விட்டது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை.

வரவேற்பில் இருந்தவர் தமிழ் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் மலாயில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தார்.

"அண்ணே, வாழ்த்துகள். அறுபது வருஷம்! அந்தக் காலத்துல ரொம்பச் சின்ன வயசுலயே முடிச்சு வச்சிட்டாங்களோ?"

அத்தான் திகைத்தார். மகள் முன்பதிவில் ஆங்கிலத்தில் எழுதியதை அவர்கள் அறுபதாவது திருமண நாள் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு கேக் இருந்தது. அதன்மேல் வெள்ளி நிறச் சர்க்கரையில் '60'.

"கேக்கு இருக்கட்டும். அது புள்ளைங்களுக்கு ஆகும்" என்று அக்கா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். வேறு எதையெல்லாம் அவர்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மாலை ஐந்து மணி வாக்கில் ஐயர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பர்மிட்டில் வந்திருப்பவர், மோட்டார் சைக்கிளின் பின்னால் தகர ஹோமகுண்டத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்தவரிடம் அக்கா முதலில் கேட்டது, முதல் கல்யாணமே சடங்காக நடக்காதவளுக்கு அறுபதாம் கல்யாணம் செய்யலாமா என்று. பல நாளாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி என்பது கேட்ட வேகத்திலேயே தெரிந்தது.

"அதனாலென்னம்மா? ரெண்டையும் சேத்தே பண்ணிடலாம்" என்றார் அவர். "போட்டிருக்கிறதைக் கழட்டாதீங்கோ. புதுசு ஒண்ணு அதுக்கு மேலே ஏறட்டும். இடத்தைக் காட்டுங்கோ."

முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், பூப்போட்ட பழைய தரை ஓடுகளின்மேல் குண்டத்தை இறக்கி வைத்து, கிழக்கு எது என்று பார்த்தார். அப்போதுதான் ஹோட்டல் மேலாளர் உள்ளேயிருந்து வந்தார். சீனப் பெண்மணி, குட்டையாக வெட்டிய முடி, இடுப்பில் சாவிக்கொத்து. குண்டத்தைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். எங்களிடம் மலாயில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது எதுக்கு?"

மகள் விளக்கினாள். நெருப்பு என்ற சொல் வந்ததுமே அவர் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

"தாக் போலே. முடியாது, ஆண்ட்டி. மன்னிக்கணும். சின்ன விழான்னுதான் எழுதியிருந்தீங்க. நான் சாப்பாடும் கேக்கும்னு நெனச்சேன்."

"சின்ன நெருப்புதான்."

"மேல பாருங்க. விட்டம், பலகை, கதவு, எல்லாம் மரம். பக்கத்து வீட்டுச் சுவரும் எங்க சுவரும் ஒண்ணு. இங்க பிடிச்சா இந்த வரிசையே போயிடும். இந்தத் தரை ஓடு ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணு கிடைக்காது."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. எனக்கு அந்த ஓடுகளை அப்போதுதான் சரியாகப் பார்க்கத் தோன்றியது. நூறு வருடக் காலடியில் நடுப்பகுதி நிறம் மங்கியும் சுவரோரம் புதிதுபோலவும் இருந்தன. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஐயர் சமாதானமாக, "குத்துவிளக்கை சாட்சியா வச்சுண்டும் செய்யலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு" என்றார்.

"விளக்கும் திரி போட்டு ஏத்தறதுதானே?" என்றார் மேலாளர், கவலையோடு.

அக்கா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், பேச்சு முடிந்தது, வேலையைப் பார்ப்போம் என்பது. "சரி விடுங்க. கேக்க வெட்டிட்டுச் சாப்பிட்டுப் போவோம். எனக்கு விதிச்சது அவ்வளவுதான்."

"ம்மா, அப்படிச் சொல்லாதீங்க" என்று மகள் அழத் தொடங்கிவிட்டாள். அவள் எழுதிய முன்பதிவு; தன் தவறு என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் பணிப்பெண் ஒருத்தி மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கினாள். முற்றத்துச் சுவரில் ஆள் உயரத்தில் ஒரு சின்னச் சிவப்புத் தட்டு இருந்தது. மூன்று முறை கும்பிட்டு ஊதுபத்தியை அதிலிருந்த கிண்ணத்தில் செருகினாள். புகை நேராக மேலே போயிற்று.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலாளரிடம் திரும்பினாள்.

"அப்ப இது என்ன?"

"அது ஊதுபத்தி, ஆண்ட்டி."

"நெருப்பில்லாமத்தான் புகையுதா?"

வரவேற்புக்காரர் இருமுவதுபோல் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"அது தீக்கோங், வானத்துச் சாமி" என்றார் மேலாளர். முகம் சற்றுச் சிவந்திருந்தது. "இந்த வீட்டுல ஆரம்பத்துலேருந்து இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் வச்சே ஆகணும். ஆனா அவருக்குக் கூரைக்குக் கீழ வைக்க மாட்டாங்க. வானம் தெரியணும். அதனாலதான் அங்க."

அத்தான் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவர். கோபம் வந்தாலும் குரல் உயராது. எத்தனையோ முறை "இந்தச் சடங்கெல்லாம் எதுக்குப்பா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் இறங்கினார். அது கூடத்தைவிட ஒரு படி தாழ்வு. கருங்கல் பலகை பாவிய சதுரம். குனிந்து கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே வானத்தைப் பார்த்தார்.

"மிஸ், எங்களுக்கும் கூரைக்குக் கீழ வேணாம். இங்க வைக்கிறோம். உங்க சாமிக்குக் கீழயே. இது கல்லு, மரம் இல்ல, ஓடு இல்ல. பாத்துச் சொல்லுங்க."

மேலாளர் படி ஓரத்துக்கு வந்து கல்லை எட்டிப் பார்த்தார்.

"அவ இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல" என்றார் அத்தான். இதை மட்டும் தமிழில் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. வரவேற்புக்காரர் அதை மெல்ல மலாயில் திருப்பிச் சொன்னார். சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

"முதலாளியைக் கேக்கணும்" என்று மேலாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

காத்திருந்த நேரத்தில் நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் வானக் கிணறு என்ற பொருளில் சொல்வார்கள். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து, மழையை வெளியே தள்ளாமல் வீட்டுக்குள்ளேயே இறக்குகின்றன. தண்ணீர் என்றால் செல்வம், அது வீட்டுக்குள் விழட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கருங்கல்லின் ஒரு மூலையில் காசு வடிவத்தில் ஓட்டை போட்ட வடிகால் கல். வேறு பல ஹோட்டல்களில் இந்த இடத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு ஏசி வைத்துவிட்டார்கள். இங்கே திறந்தே விட்டிருக்கிறார்கள். அதனால் கூடத்தில் பாதி நேரம் புழுக்கம், சாரல் அடித்தால் நாற்காலிகளை நகர்த்த வேண்டும். அந்தத் தொல்லையை ஏற்றுக்கொண்டு ஒருவர் வீட்டை வீடாகவே வைத்திருக்கிறார் என்றால், அவர் தொலைபேசியில் என்ன சொல்வார் என்று ஊகிக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்தான் கண்டிப்பாக மறுப்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் புரியவும் செய்யும்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, ஹோட்டல் கொடுத்த ஜாதிக்காய்ச் சாற்றைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

மேலாளர் திரும்பி வந்தார். "நாளைக்குப் பதினஞ்சு. நல்ல நாள். நல்ல நாள்ல ஒரு கல்யாணத்தைத் தடுக்க வேணாம்னு முதலாளி சொல்றார்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லின் நடுவில் மட்டும், மணலும் செங்கலும் அடியில் போட்டு. பக்கத்தில் ஹோட்டல் ஆள் தீயணைப்புக் குழாயோடு நிற்பார். நெய் ஒரு சொட்டு ஓட்டில் படக்கூடாது. "அப்புறம் இது முக்கியம்: வானத்துக்குக் கீழ மட்டும். நெருப்பை ஒரு அடிகூடக் கூரைக்குக் கீழ கொண்டுவரக் கூடாது. ஜன்ஜி?"

"ஜன்ஜி. சத்தியம்" என்றார் அத்தான்.

அக்கா முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள்.

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். கனத்த மரச் சட்டப் பலகணியைச் சாத்தினால் தெருச் சத்தம் முழுதாக நின்றுவிடுகிறது. பழைய தச்சர்களின் கணக்கு. விடியும் முன் காற்று எழுந்து பலகணியை உலுக்கியபோதுதான் விழித்தேன். இந்த மாதங்களில் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காற்றுமழையை இங்கே 'சுமத்ரா' என்பார்கள். பெரும்பாலும் விடியலில் வரும். வந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். சில நாள் போகாது.

அன்று போகவில்லை. ஃபெரியில் வந்த உறவினர்கள் நனைந்த செருப்போடு வாசலின் கூரைபோட்ட ஐந்தடி நடைபாதையில் வரிசையாக ஏறினார்கள். என் மனைவி பூக்கூடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் கூடத்தில் நின்று முற்றத்தைப் பார்த்தோம். நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. நடுவில் செங்கல், மணல், அதன்மேல் பிளாஸ்டிக் தாளால் மூடிய குண்டம். சிவப்புத் தட்டுக்கு முன்னால் மேலாளர் பதினைந்தாம் நாள் படையலாக ஆரஞ்சும் சிவப்புப் பணியாரமும் வைத்திருந்தார்; அவையும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"பத்தரைக்குள்ள முடிக்கணும். அப்புறம் ராகுகாலம்" என்றார் ஐயர். அன்று வெள்ளிக்கிழமை.

"கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுக்கலாமே, யாரு பாக்கப் போறா" என்று உறவில் ஒருவர் முணுமுணுத்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார் அத்தான், பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி.

மணி ஒன்பதரை தாண்டிற்று. மழை சற்று மெலிந்தது, மறுபடி வலுத்தது. அக்கா அரக்குப் புடவையில் சுவரோரம் நின்றாள். யாரோ அவளிடம், விளக்கை வைத்தே முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையாட்டினாள். அது சரி என்ற ஆட்டமா, வேண்டாம் என்ற ஆட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பார்வை சமையல்கட்டுப் பக்கம் போயிற்று. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

வரவேற்புக்காரர் வாசலுக்கு ஓடினார். விருந்தாளிகளுக்காகப் பெரிய ஜாடியில் செருகி வைத்திருக்கும் கறுப்புக் குடைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். மேலாளர் முன்னால் நின்று ஒன்றை விரித்தார்.

"மேடம், குடை கூரை இல்லையே?"

மேலாளர் குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "இல்ல. குடை கூரை இல்ல லா" என்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு குடையைத் தானே வாங்கிக்கொண்டு முற்றத்துக்குள் இறங்கினார். முதலில் இறங்கியவர் அவர்தான். வரவேற்புக்காரர் அடுத்து, மகள், நான். நான்கு பேரும் குண்டத்துக்கு மேலே கையை நீட்டிக் குடைகளை உயர்த்திப் பிடித்தோம். ஐயர் பிளாஸ்டிக்கை உருவி, கற்பூரத்தை ஏற்றினார். ஈரத்தில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை சிராய் பிடித்துக்கொண்டது. நெய் விழுந்ததும் நெருப்பு நிமிர்ந்தது. புகை குடைக்குள் முட்டி, விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு இருமினாரே தவிர குடையை அசைக்கவில்லை.

குடையெல்லாம் நெருப்புக்குத்தான். மணமக்களுக்கு மிச்சமில்லை.

"உக்காரலாமா?" என்றார் அத்தான்.

அக்கா புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். "எப்படியும் கலசத் தண்ணி ஊத்தத்தானே போறீங்க" என்றாள். நனைந்த மணையில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பூ, பொட்டு, பட்டு எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஐயர் மழைக்கு மேலே குரலை உயர்த்தி மந்திரம் சொன்னார். நாதஸ்வரத்துக்கு ஆள் வைக்கவில்லை. என் மனைவி கைப்பேசியில் பதிவை ஓடவிட்டாள். ஓட்டுத் தரையும் உயரக் கூரையுமாக அந்தக் கூடம் அந்தச் சின்னச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. மாடிக் கம்பிப் பக்கம் வேறு அறைகளில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் வாராத தலையோடு வந்து நின்று பார்த்தார்கள்.

"கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்தினார்.

அத்தான் மஞ்சள் கயிற்றை எடுத்தார். ஈரக் கயிறு வழுக்கியது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதைப் போட அவருடைய தங்கை குனிந்தபோது, "நானே போடறேன், இரு" என்று சொல்லிவிட்டார். கூடத்திலிருந்து அட்சதை பறந்தது. பாதி மழையிலேயே விழுந்து, கருங்கல்மேல் மஞ்சளாக ஓடி வடிகாலுக்குப் போயிற்று. அக்காவின் முகம் நனைந்திருந்தது. அழுதாளா என்று சொல்லத் தெரியாது.

நெருப்பை முறைப்படி குளிரவைத்து, மேலாளர் ஒவ்வோர் ஓட்டையும் குனிந்து பார்த்துத் தலையசைத்த பிறகு எல்லோரும் கலைந்தார்கள். பின்கட்டில் இலை போட்டாகிவிட்டது. மழை நின்றுவிட்டிருந்தது. கூரை விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மணையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ம்மா, புடவைய மாத்துங்க, காய்ச்சல் வந்துரும்" என்றாள் மகள்.

"இரு."

"எல்லாரும் சாப்பிடக் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. ரசம் ஆறிடும்."

"ஆறட்டும்" என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் பொண்ணா உக்காந்துக்கிறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தேன். அங்கே கை கழுவிக்கொண்டிருந்த அத்தான் எங்களை எதிர்கொண்டு, அக்கா எங்கே என்று கேட்டார். சொன்னோம். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே திரும்பிப் போய், அவளுக்குப் பக்கத்து மணையில் உட்கார்ந்துகொண்டார்.